சைத்தூன் பீவி கொடுத்த மனை

மீரா உசேன் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கடல் தெரியும். சைத்தூன் பீவி வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மீரா உசேன் வீட்டுச் சுவர்தான் தெரியும்.

தில்லைத்துறையில் பள்ளத்தெருவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஊரில் எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் கடைசியில் அங்கே வந்துதான் உட்காரும். ஐப்பசி பிறந்துவிட்டால் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைக்காத வீடு அந்தத் தெருவில் கிடையாது. மீரா உசேன் மட்டும் தன் பெண்சாதியின் பழைய வீட்டை இடித்து, லாரி லாரியாகச் சவுட்டு மண் அடித்து மேடாக்கி, மூன்று அடுக்காகத் தூக்கிக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் வாசலில் விழுந்த மழையும் சைத்தூன் வீட்டு முற்றத்துக்கே வந்து சேர்ந்தது.

மழைத் தண்ணீரோடு போயிருந்தால் அவளும் சும்மா இருந்திருப்பாள்.

அந்த ஊர் முஸ்லிம் தெருக்களில் வீடு என்பது பெண்ணுக்குத்தான். கல்யாணத்தோடு மாப்பிள்ளை வந்து தங்குவார். கபுர்க் குழிக்குப் போகும்வரை விருந்தாளிதான். சைத்தூன் வீடு அவளுடைய உம்மா வழியில் வந்தது. அவளுக்கு அப்புறம் மகள் ஹஃப்ஸாவுக்கு. புருஷன் உபைதுல்லா சவூதியில் கடை கணக்கு எழுதிக் கண் மங்கித் திரும்பி வந்தவர். தஸ்பீஹ் மணியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். கல்யாண வீடுகளுக்கு வட்டிலாப்பம், தம்ரூட் என்று இனிப்புகள் செய்து கொடுத்து வீட்டை நடத்தியவள் சைத்தூன்தான். ஊரில் எந்த வீட்டு முன்வாசலைவிடவும் கொல்லை வாசல் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு நல்லதண்ணீர்க் கிணறு இருந்தது. கடலோரத்தில் அது பெரிய பேறு. தெருவில் பாதிப் பேர் குடத்தோடு அங்கேதான் வருவார்கள். பருப்பு அந்தத் தண்ணீரில்தான் குழைந்து வேகும் என்பார்கள். மீரா உசேன் வீடு கட்டியபோது, அந்தக் கிணற்றிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம், கக்கூஸ் குழிக்கு உறை இறக்கினார்கள். மணல் பூமி. நாலு உறை இறக்கினாலே கீழே ஊற்று வந்துவிடும்.

"நானா, குழியைக் கொஞ்சம் தெருப்பக்கமா தள்ளி வச்சுக்கக் கூடாதா? இந்தப் பக்கம் கிணறு இருக்கே" என்று சைத்தூன் அன்றைக்கே போய், அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"தெருப்பக்கம் கார் நிக்கணும் சைத்தூன். கவலைப்படாதே, அடியில காங்கிரீட் போடச் சொல்லியிருக்கேன்" என்றார் அவர்.

அடியில் எதுவும் போடவில்லை. போடாவிட்டால் குழி சீக்கிரம் நிறையாது என்பது கொத்தனாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஹஃப்ஸாவுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது கண் மஞ்சளித்தது. மாப்பிள்ளை ஆஸிம் ஷார்ஜாவில் இருந்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். சோறு இறங்கவில்லை. நாகப்பட்டினம் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டர் வயசான மனிதர். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு சைத்தூனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?"

"கிணத்துத் தண்ணிங்க. நல்ல தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"பக்கத்துல கக்கூஸ் குழி ஏதும் இருக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"மத்தவங்களுக்கு இந்தக் காமாலை வந்தா வந்த வழியே போயிடும். வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கு வந்தா ரொம்பச் சிரமம்மா" என்றார் டாக்டர்.

தாயும் பிள்ளையும் ஒன்றாகவே போனார்கள். தஞ்சாவூரிலிருந்து வேனில் திரும்பும்போது வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வயலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். அந்த வருஷம் நல்ல தண்ணீர் வந்திருந்தது. வாய்க்கால் எல்லாம் தளும்பிக்கொண்டு கிடந்தது. அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்காமல் சைத்தூன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து கொஞ்சநாளில் மீரா உசேன் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். வட்டிலாப்பத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சைத்தூன் போக மாட்டாள் என்றுதான் உபைதுல்லா நினைத்தார். அவள் போனாள். தேங்காய்ப் பால் பிழிந்து, முட்டை அடித்து, வெல்லம் கரைத்து, வேலையை முடித்துவிட்டுக் கொல்லைக் கக்கூஸுக்குள் போய், முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோயிருந்த கெரசின் டின்னைக் கவிழ்த்தாள். பின்னாலேயே நாலு வாளி தண்ணீர் ஊற்றினாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலையில் தன் கிணற்றில் வாளி விட்டு இறைத்தாள். தண்ணீருக்கு மேலே மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் படர்ந்திருந்தது. முகர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை.

அது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே வாளியோடு நின்றாள். மீரா உசேன் வந்ததும் அவர் காலடியில் வைத்தாள்.

"மோந்து பாருங்க நானா. உங்க வீட்டுக் கக்கூஸுல நான் ஊத்துன கெரசின். என் கிணத்துல வந்திருக்கு. என் புள்ளை குடிச்சது இதைத்தான்."

மீரா உசேன் குனியவில்லை. கூட்டத்தைத்தான் பார்த்தார். பம்பாய் போய், துபாய் போய், கடைசியில் ஆள் அனுப்புகிறவராக ஊர் திரும்பியவர் அவர். பாஸ்போர்ட் எடுத்த பையன்கள் எல்லாரும் அவர் கை வழியாகத்தான் விமானம் ஏறினார்கள். ஆஸிமும் அப்படிப் போனவன்தான்.

"கிணத்துல நீயே ஊத்திட்டு என்கிட்ட கொண்டாந்து காட்டுறியா?" என்றார் நிதானமாக. "புள்ளை போன துக்கத்துல புத்தி பேதலிச்சுப் பேசுறே. எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம். யாராச்சும் இவளை வீட்டுல கொண்டுபோய் விடுங்கப்பா."

கூட்டத்தில் ஒருவர் செருப்பைத் தேடினார். இன்னொருவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக் குடம் அந்தக் கிணற்றில் நிறைந்தது என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

அவள் வாளியைச் சாலையில் கவிழ்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்று சாயங்காலமே கிணற்றுக்கு மேல் பலகை போட்டு மூடினாள். மண்ணை வாரித் தூற்றிச் சபிக்கிற பெண் இல்லை அவள். அப்படித் தூற்றியிருந்தால் பாதியாவது ஆறியிருக்கும். அடிப்பிடித்த சட்டி மாதிரி அது உள்ளேயே கருகிக் கிடந்தது.

சுனாமி வந்து போனதற்கு அடுத்த வருஷங்களில் கடலோர ஊர்களுக்கு ஏதேதோ திட்டங்கள் வந்தன. தில்லைத்துறைக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. வந்தது என்றால் காகிதத்தில் வந்தது. ஊர் ஒத்துக்கொண்டால்தான் குழாய் வரும். வீடு வீடாகப் போய் எடுத்துச் சொல்ல கவிப்ரியா என்ற இளம் இஞ்சினியரை அனுப்பினார்கள். குத்தாலத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண்.

அவள் பள்ளத்தெருவுக்கு வந்த அன்று அடைமழை. முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எந்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை. சாக்கடைக்காரி வந்திருக்கிறாள் என்று சன்னலுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். சைத்தூன்தான் கதவைத் திறந்து, "உள்ளே வாம்மா, நனையாதே" என்றாள்.

துண்டு கொடுத்து, இஞ்சி தட்டிப் போட்ட டீயும் எண்ணெயில் பொரித்த ரெண்டு இறால் வாடாவும் கொடுத்தாள்.

"நான் இறால் சாப்பிடுவேம்மா. சந்தேகப்பட்டுக் கேக்க வேணாம்" என்று சிரித்தாள் கவிப்ரியா.

"நான் கேக்கவே இல்லியே. சரி, என்ன திட்டம் இது? சொல்லு, கேப்போம்."

கவிப்ரியா பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து வரைபடத்தை எடுத்துப் பாயில் விரித்தாள். எந்தத் தெருவில் எந்தக் குழாய், எது எங்கே போய்ச் சேரும் என்று விரலால் காட்டினாள்.

"எல்லாம் சரிவுலயே ஓடி ஒரு இடத்துக்கு வந்துடும். அங்கேருந்து மோட்டார் வச்சு இறைச்சு ஊருக்கு வெளியில சுத்திகரிக்கிற இடத்துக்கு அனுப்புவோம். அந்த பம்பிங் ஸ்டேஷன் வடக்குத்தெரு குட்டை ஓரம், புறம்போக்குல வருது."

"வடக்குத்தெரு குட்டைன்னா... புதுசா ஒரு கல்யாண மஹால் எழும்புதே, அதுக்குப் பக்கத்துலயா?"

"ஆமா. அதுக்கு நேர் எதிர்ல."

மஹாலைக் கட்டுகிறவர் மீரா உசேன். சைத்தூன் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "நீ தனியாப் போனா ஒரு கதவும் தொறக்காது. நாளைக்கு மழை விட்டதும் வா. நான் கூட வர்றேன்" என்றாள்.

அந்த மழைக்காலம் முடிந்து தை அறுப்பு வரையிலும் இரண்டு பேரும் ஊரைச் சுற்றினார்கள். முன்வாசலில் கவிப்ரியா மணியடித்து நிற்கும்போது சைத்தூன் கொல்லைச் சந்து வழியாக அடுப்படிக்குள் இருப்பாள். குழாய், சரிவு, மோட்டார் எதையும் அவள் பேச மாட்டாள். "உன் நாத்தனா புள்ளைக்கு எப்ப காமாலை வந்துது? உன் வீட்டுக் குழி எந்தப் பக்கம் இருக்கு? கிணறு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்பாள். பெண்கள் கரண்டியைப் பிடித்தபடி யோசிப்பார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் கணக்கை அவளிடம் கொட்டுவாள். புருஷன் வளைகுடாவில் இருந்த வீடுகளில் முடிவெடுக்கிறவள் அந்தப் பெண்ணேதான். ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய்ப் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ரம்ஜானுக்குள் தெருவைத் தோண்டிப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தவர்களுக்கு, தோண்ட மாட்டார்கள் என்று கவிப்ரியாவிடமே வாக்கு வாங்கிக் கொடுத்தாள். பெருமாள் கோயில் தெற்குத் தெருவில் வேறு விதமான வம்பு. அங்கே நிலபுலன் உள்ள சாரங்கபாணி, வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"எங்க தெரு அழுக்கும் உங்க தெரு அழுக்கும் ஒரே குழாய்லயா போவணும்?"

"இப்ப மட்டும் தனித்தனியா போவுதா அய்யா?" என்றாள் சைத்தூன். "செப்டிக் லாரிக்காரன் ரெண்டையும் ஒண்ணாத்தான் உங்க கீழ்வாய்க்கால்ல ஊத்துறான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி மங்களாம்பிகை வெளியே வந்தாள். "அந்தம்மா சொல்றது சரிதாங்க. போன வருஷ நடவுல கீழ்வயல்ல எறங்கின பொம்பளைங்க காலெல்லாம் புண்ணு. இந்த வருஷம் அந்த வயல்னா ஒருத்தியும் வர மாட்டேங்கறா. வெளியூர் ஆளு கூட்டியாந்துதானே நட்டோம்? மறந்துட்டீங்களா?"

சாரங்கபாணி ஈசிசேரில் சாய்ந்து விசிறிக்கொண்டார். "நான் என்ன வேணாம்னா சொன்னேன்? விவரம் கேட்டேன்" என்றார்.

திரும்பி வரும்போது கவிப்ரியா, "உங்களுக்கு எலக்ஷன்ல நிக்கற யோசனை இருக்காம்மா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க" என்றாள்.

"எனக்கெதுக்கு எலக்ஷன்?"

"பின்னே ஏன் இவ்வளவு அலையறீங்க?"

"ஊருக்கு நல்லதுதானே."

அது பாதிதான் உண்மை. ஊர் நன்றாகட்டும், அதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒவ்வொரு அடுப்படியிலிருந்தும் வெளியே வரும்போது அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இந்த வீடு இனிமேல் மீரா உசேன் பக்கம் நிற்குமா?

மீரா உசேனும் சும்மா இருக்கவில்லை. "பம்பிங் ஸ்டேஷன் எதிர்ல இருந்தா என் மஹால்ல எவன் உக்காந்து பிரியாணி திம்பான்?" என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாது. குட்டை நீர்நிலை, அதன் ஓரத்தில் எதுவும் கட்டக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார்.

கவிப்ரியா முகம் செத்துப்போய் வந்தாள். பங்குனி வெயில். மோர் கொடுத்தும் குடிக்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேஸு முடிய வருஷக்கணக்காகும். சீக்கிரம் வேற இடம் காட்டலைன்னா திட்டத்தை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. இவ்வளவு பேரைச் சம்மதிக்க வச்சோம். எல்லாம் வீணாப் போச்சும்மா."

"வேற இடமே இல்லியா?"

"இருக்கு. ஊர்லயே தாழ்வான இடம் உங்க தெருதான். முதல்ல இங்கதான் பார்த்தோம். ஆனா எல்லாம் தனியார் மனை. யாரு கொடுப்பாங்க?"

சைத்தூன் எழுந்து கொல்லைக்குப் போனாள். பலகை போட்டு மூடிய கிணறு. அதற்கு அப்பால் மதில். மதிலுக்கு மேல் மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் அவள் பக்கம் பார்த்த சன்னல்கள். கடல் காற்று கிழக்கேயிருந்து வந்து இந்தக் கொல்லையைத் தடவிக்கொண்டுதான் அந்தச் சன்னல்களுக்குள் போகும். அவள் அதை இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறாள்; இன்றைக்குத்தான் கவனித்தாள்.

திரும்பி வந்து, "இந்த மனை பத்துமா?" என்று கேட்டாள்.

கவிப்ரியா டம்ளரைக் கீழே வைத்தாள். "அம்மா, அவசரப்படாதீங்க. கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது. வீட்டை இடிச்சுடுவாங்க. ராப்பகலா மோட்டார் ஓடும். ஒழுங்காப் பராமரிச்சாக்கூட, கழிவுத் தொட்டி சுத்தம் பண்ற அன்னிக்கு நாத்தம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக்காரங்க..." சொல்லிக்கொண்டே வந்தவள் மதிலைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். ஹஃப்ஸாவின் கதையை அவள் ஊரிலேயே கேட்டிருந்தாள்.

"பத்தும்மா. தாராளமாப் பத்தும்" என்றாள் பிறகு. "எனக்கு இடம் வேணும். காரணம் வேணாம்."

அன்று மத்தியானம் உபைதுல்லாவுக்குச் சோறு போட்டு, மீன் ஆணக் குழம்பை ஊற்றிவிட்டு, சைத்தூன் விஷயத்தைச் சொன்னாள். அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

"உன் வீடு. நான் இந்த வீட்டுக்கு மாப்புள்ளையா வந்தவன். வேணாம்னு சொல்ல எனக்கு பாத்தியதை இல்லே" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். ஹஃப்ஸா பொறந்த வீடு சைத்து."

"அவ செத்ததும் இந்த வீட்டாலதான்."

"மீரா உசேனை அல்லாஹ் பாத்துக்க மாட்டானா?"

"பாப்பான். மறுமையில பாப்பான். நான் இம்மையிலயே பாக்கணும்."

அவர் மீதிச் சோற்றைத் தின்னவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் சாயங்கால அஸர் தொழுகை முடிந்து மீரா உசேன் நேரே அவள் முற்றத்துக்கு வந்தார். ஒரு கல்யாணத்துக்காகச் சைத்தூன் தம்ரூட் கிண்டிக்கொண்டிருந்தாள். பெரிய தாம்பாளச் சட்டியில் ரவையும் நெய்யும் பாலும் சுருண்டு வருகிற பதம்.

"சைத்தூன், உன்கிட்ட பேசணும்."

"பேசுங்க நானா. கையை விட முடியாது, அடிப்பிடிச்சிடும்."

அவர் நின்றபடியே இருந்தார். முன்னைக்கு இப்போது இளைத்திருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது.

"மனையை எனக்குக் கொடு. நீ என்ன கேட்டாலும் தர்றேன்."

"விக்கறதுக்கு இல்லே."

"ஊருக்காகக் கொடுக்கறேன்னு சொல்றியாம். என்கிட்ட அதைச் சொல்லாதே."

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஊருக்குன்னு ஊர்லதான் சொல்றேன். உங்களுக்காகத்தான் கொடுக்கறேன்."

நெய் விட்டுப் பிரிந்து ஓரத்தில் நுரைத்தது. அவள் துடுப்பை அழுத்தி இழுத்தாள்.

"அசன் பெண்சாதி இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கா" என்றார் அவர். அசன் அவர் கடைசி மகன். கல்யாணம் முடிந்ததும் மஸ்கட் போய்விட்டான். மருமகள் மர்யம் வெளியூர்ப் பெண், தாயில்லாதவள், அதனால் வழக்கத்துக்கு மாறாக மாமனார் வீட்டுக்கு வந்திருந்தாள். "சின்னப் பொண்ணு. அவளை நெனச்சுப் பாரு. என்னதான் வேணும் உனக்கு?"

"ஒரே ஒரு வார்த்தை வேணும். வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு, அன்னிக்கு நின்ன அதே எடத்துல நின்னு சொல்லுங்க. சைத்தூன் கொண்டாந்தது என் வீட்டுக் குழித் தண்ணிதான், அவ பொய் சொல்லலைன்னு. சொன்னீங்கன்னா சனிக்கிழமையே போய் மனையைக் கொடுக்கலைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். இந்தத் தெருவுல உங்களுக்குப் பக்கத்துலயே கிடந்து சாவறேன்."

முற்றத்தில் காக்கைகள் சத்தம் போட்டன. மீரா உசேன் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரி. என் குழிதான். அடியில காங்கிரீட் போடலை. கொத்தனாரு வேணாம்னான், நானும் விட்டுட்டேன். இப்படி ஆவும்னு அல்லாஹ் அறிய நெனைக்கலை. உன் புள்ளை எனக்கும் புள்ளை மாதிரிதான். போதுமா?"

சைத்தூன் துடுப்பு ஒரு கணம் நின்றது. இத்தனை வருஷமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் நெஞ்சுச் சுமை இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அவர் வாசலைத் திரும்பிப் பார்த்ததுதான் நெஞ்சில் நின்றது.

"இங்க சொன்னா எனக்கு மட்டும்தான் கேக்கும் நானா. எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

"ஊர்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு சைத்தூன்."

"இருக்கட்டும். அதைப் பத்திரமா வச்சுக்குங்க. நான் மனையைக் கொடுத்துடறேன்."

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்கு வந்தார், தொழுதார், காரில் ஏறிப் போனார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டத்தில் ஆண்கள் பத்துப் பேர் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அன்றைக்குத் துப்பட்டியும் சேலையுமாகப் பெண்கள் வந்து பந்தல் கொள்ளாமல் வெயிலில் நின்றார்கள். தெற்குத் தெருவிலிருந்து மங்களாம்பிகை ஒரு வேன் நிறையக் கூட்டி வந்திருந்தாள். மீரா உசேன் எழுந்து, குடியிருப்புக்கு நடுவில் இப்படி ஒன்று வரலாமா, குழந்தை குட்டிகள் இருக்கிற தெருவில்லையா என்று கேட்டார். கேட்டது நியாயமான கேள்விதான்.

வடக்குத்தெருவில் ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கிற பூவம்மாள் எழுந்தாள். "குட்டைப் பக்கம் வேணாம்னு நீங்கதானே தடை வாங்குனீங்க? அங்க எங்க புள்ளைங்க இல்லியா, இங்க மட்டும்தான் புள்ளைங்க இருக்கா?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பந்தல் முழுக்கப் பரவியது. மீரா உசேன் உதவிக்கு யாராவது எழுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். அவர் அனுப்பி விமானம் ஏறியவர்களின் தகப்பன்மார் எல்லாரும் அங்கே இருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சைத்தூன் கடைசி வரிசையில் நின்று அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

வீட்டை இடித்த அன்று உபைதுல்லா வரவில்லை. மேலத்தெருவில் பிடித்திருந்த வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டார். சைத்தூன் வந்து எதிர் வேம்படியில் நின்றாள். மண்வாரி இயந்திரம் முன்கூடத்தைத் தள்ளியது. பின்னறைச் சுவர் விழுவதற்கு முன்னால், ஹஃப்ஸா சின்ன வயதில் மருதாணிக் கையை வைத்துத் தேய்த்துவிட்ட சிவப்புக் கறை வெயிலில் தெரிந்தது. எத்தனை வெள்ளை அடித்தும் போகாத கறை. நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இயந்திரக்காரன் அவள் பக்கம் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். சுவர் விழுந்தது. அன்று ராத்திரி முழுக்க உபைதுல்லாவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு அழுதாள். மருதாணிக் கறைக்காக அழுதாளா, கபுரில் கிடக்கிறவளுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மோட்டார் ஓடத் தொடங்கி ஓராண்டில் ஊர் மாறித்தான் இருந்தது. தெருத்தெருவாகக் குழிகளை மணல் போட்டு மூடினார்கள். கீழ்வாய்க்காலில் லாரி நிற்பது குறைந்தது. மாறாதது பள்ளத்தெரு ஒன்றுதான். கரண்ட் போகாத நாள் இல்லை. போனால் ஜெனரேட்டர் லாரி மாதிரி உறுமும். தொட்டியைத் திறந்து சுத்தம் செய்கிற அன்று கடல் காற்று வேலையைச் சரியாகப் பார்த்தது. மீரா உசேன் வீட்டு மூன்று அடுக்குச் சன்னல்களும் சித்திரை வெயிலில்கூடச் சாத்தியே கிடந்தன. விற்கலாம் என்று பார்த்தார். வாங்க ஆள் இல்லை. சந்தைக்குப் போகும்போது சைத்தூன் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். சாத்திய சன்னல்களை ஒன்று இரண்டு என்று எண்ணுவாள். எண்ணிவிட்டுக் காய் வாங்கப் போவாள்.

ஒருநாள் முற்பகலில் வாடகை வீட்டு வாசலில் கறுப்புப் புர்கா போட்ட பெண் ஒருத்தி வந்து நின்றாள். முகத்திரையை விலக்கினாள். மர்யம். அசன் லீவில் வந்து போயிருந்தான்; வயிறு நன்றாகத் தெரிந்தது. ஆறேழு மாதம் இருக்கும்.

"மாமி, உள்ளே வரலாமா?"

சைத்தூன் வழிவிட்டாள்.

"ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது மாமி. தட்டுல கைய வச்சா அந்த நாத்தம் வந்துடுது. சன்னலைச் சாத்தினா வெந்து போறேன், தொறந்தா குமட்டுது." அவள் நின்ற நிலையில் அழுதாள். "எங்க மாமா என்னமோ பண்ணுனாங்க. எல்லாரும் சொல்றாங்க. நான் அப்ப இந்த ஊரையே பாத்ததில்லையே. எனக்கு ஏன்?"

தன் மகளுக்காகத் தராசு பிடித்த சைத்தூன், மறு தட்டில் யாரெல்லாம் ஏறுகிறார்கள் என்று பார்க்கவில்லை. மர்யத்தின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். விழி வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

"என்ன தண்ணி குடிக்கிறே?"

"குழாய்த் தண்ணிதான். காய்ச்சித்தான் குடிக்கறேன்."

"அப்படியே குடி. நாத்தம் மூக்கோட போயிடும்மா, ஒண்ணும் பண்ணாது. என் புள்ளை குடிச்ச தண்ணியில நாத்தமே கிடையாது." சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். "உக்காரு. சோறு போடறேன்."

பழைய எலுமிச்சை ஊறுகாய், மிளகு ரசம், சுட்ட கருவாடு. மர்யம் முதலில் தயங்கித் தயங்கித் தொட்டாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் தின்றாள். சைத்தூன் எதிரே உட்கார்ந்து விசிறினாள்.

"தெனம் வந்து சாப்பிட்டுப் போ, புள்ளை பொறக்கிற வரைக்கும்" என்றாள். "ஒங்க மாமனாரு ஏதும் சொன்னா, நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மருமகளைக் காணோம் என்று விசாரித்துக்கொண்டு மீரா உசேனே வந்திருந்தார். உச்சி வெயில். வாசல் ஓரம் நிழல் இல்லை. அவர் படிக்குக் கீழே நின்று தொண்டையைக் கனைத்தார்.

"மர்யம் இங்க இருக்கா?"

உபைதுல்லா எழப் போனார். சைத்தூன் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"இருக்கா. சாப்பிடறா" என்றாள் சைத்தூன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

மர்யம் பதறிப்போய்க் கையை உதறிக்கொண்டு எழ முயன்றாள். சைத்தூன் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். சட்டியைக் கிட்டே இழுத்து இன்னொரு கரண்டி சோறு போட்டு, ரசத்தைக் கலக்கி ஊற்றினாள். வாசலில் அவர் தலையில் கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டார்.

"மெதுவாச் சாப்பிடும்மா" என்றாள். "ஒண்ணும் அவசரமில்லே."